வாய் திறவாத வானொலி வாங்கி: பழுது காணும் முறை

கருவியொன்று இயங்காதவிடத்து அதனைப் பழுதென்று சொல்லி ஒதுக்கிவிடுதல் எளிது. அஃது ஏன் இயங்கவில்லையென்று ஆராய்ந்து காண்டல் அரிது. அரிதாகிய அச் செயலே அறிவியற் கல்வியின் உயிர்நிலையாகும். பாடநூலிலே கற்ற ஓமின் விதியும், பரீட்சைக்கென்று மனனஞ்செய்த அலைச் சமன்பாடும், இயங்காத ஒரு கருவியின் முன்னிலையிலேதான் தம் முழுப் பயனையும் காட்டுகின்றன.

இக்காலத்து மாணவர் கைகளிலே ஆர்டுயினோ முதலிய நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் பெரிதும் வழங்குகின்றன. தண்ணீர்த் தாங்கியின் நீர்மட்டத்தை வீட்டினுள்ளே அறிவித்தல், தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்தனுப்புதல் முதலிய பணிகளை அவற்றைக்கொண்டு செய்ய அவர் விழைகின்றனர். செய்தியைக் கம்பியின்றி அனுப்புதற்கு 433 மெகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் சிறு செலுத்தியும் வாங்கியும் சோடியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மாணவர் அவற்றைப் பொருத்துவர், செய்நிரலை ஏற்றுவர், திரையை நோக்கிக் காத்திருப்பர். ஓரெழுத்தேனுந் தோன்றாது. இரண்டொரு நாள் முயன்றபின் "மலிவுச் சரக்கு" என்று அதனை எறிந்துவிட்டு வேறொன்றைத் தருவிப்பர். அதுவும் மௌனஞ் சாதிக்கும். இதனாலாகும் பொருணட்டம் சிறிது. "இத் துறை எனக்கு வாராது" என்னும் எண்ணம் இளம் மனத்திற் பதிந்துவிடுதலே பெருநட்டமாகும். அந் நட்டத்தைத் தவிர்த்தற்பொருட்டே இக் கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. மௌனம் என்பது ஒரு பழுதன்று. பல பழுதுகளுக்குப் பொதுவாயமைந்த ஒரு தோற்றம். காய்ச்சல் ஒன்றேயாயினும் அதனை விளைக்கும் நோய்கள் பலவாதல் போல, திரை வெறிதாயிருத்தல் ஒன்றேயாயினும் அதற்குக் காரணங்கள் பல. எனவே ஊகத்தாற் பொருள்களை மாற்றிக்கொண்டிருத்தல் பயனற்றது. எவ்விடம்வரை செய்தி வந்தது, எவ்விடத்தில் நின்றது என்று படிப்படியாகப் பகுத்துக் காணல் வேண்டும்.

வாங்கியின் இயல்பு

பழுது காண்பதற்கு முன்னர் நலமுள்ள கருவி எவ்வாறு நடக்குமென்று அறிதல் வேண்டும். சோடியாக விற்கப்படும் மலிவான வாங்கிகளிற் பெரும்பாலானவை மீமீளாக்க முறையில் இயங்குவன. இம் முறையை 1922 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1918 இல் சுப்பர்ஹெற்றரடைன் வாங்கியை அமைத்தவரும் அவரே. வால்வுக் காலத்தில் அவர் கண்ட தத்துவம் இன்று ஒரு தீப்பெட்டியினுஞ் சிறிய பலகையிலே வாழ்கின்றது.

அதன் தத்துவம் இதுவாகும். ஒரு திரான்சிற்றரின் வெளிப்பயனில் ஒரு பகுதியை அதன் உட்பக்கத்துக்கே திருப்பிவிட்டால், அச் சுற்றுத் தானாகவே அலையத் தொடங்கும். அலைவு முற்ற வளர்வதற்கு முன் அதனை அடக்கி, மீண்டும் வளரவிட்டு, மீண்டும் அடக்கி, இவ்வாறு ஒரு வினாடியிற் பல்லாயிரந் தரம் செய்வர். ஏரியலில் அலையொன்று வந்து சேருமாயின் அலைவு விரைந்து வளரும். வாராவிடின் தாமதித்து வளரும். அவ் வேறுபாடே செய்தியாகப் பிரித்தெடுக்கப்படுகின்றது. ஒரே திரான்சிற்றர் பல விரியலாக்கிகளின் வேலையைச் செய்துவிடுதலின் விலை குறைகின்றது.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குக. செலுத்தி யாதும் அனுப்பாதபோதும் அலைவு வளர்ந்தே தீரும். அப்போது அதனைத் தொடக்கிவைப்பது சுற்றினுள்ளேயுள்ள இலத்திரன்களின் வெப்ப அசைவாலாகும் இரைச்சலே. ஆதலால் நலமுள்ள மீமீளாக்க வாங்கி ஒருபோதும் மௌனமாயிராது. செய்தியில்லாத வேளையில் அதன் தரவு முனை ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் துடித்துக்கொண்டேயிருக்கும். செய்தி வந்ததும் அத் துடிப்பு ஒழுங்குபடும். இரைச்சலைக் கண்டு அஞ்சுவோர் பலர். அதுவே கருவி உயிரோடிருக்கின்றதென்பதற்கு அறிகுறி.

திரையின் மௌனமும் வாங்கியின் மௌனமும்

இதிலிருந்து முதற்சோதனை பெறப்படுகின்றது. திரை வெறிதாயிருத்தலும் வாங்கி மௌனமாயிருத்தலும் ஒன்றல்ல. பெரும்பாலான செய்நிரல்கள் வாங்கி தரும் துடிப்புகளையெல்லாம் சோதித்து, தமக்குரிய வடிவில் அமையாதவற்றைத் தள்ளிவிடுவன. வாங்கி இடையறாது இரைந்துகொண்டிருக்கத் திரை மட்டும் வெறிதாயிருத்தல் கூடும். ஆதலின் செய்நிரலை ஒருபுறம் வைத்துவிட்டுத் தரவு முனையை நேரே சோதித்தல் வேண்டும்.

இதற்கு வழிகள் மூன்றுள. அலைவுகாட்டி உள்ள ஆய்வுகூடத்திலே அதனைத் தரவு முனையில் இணைத்தால் துடிப்புகளைக் கண்ணாற் காணலாம். அஃதில்லாதோர், ஒரு வினாடியில் அம் முனை எத்தனை தரம் நிலைமாறுகின்றதென்று எண்ணித் திரையில் எழுதும் பத்து வரிச் செய்நிரலொன்றை ஆக்கிக்கொள்ளலாம். எண் சுழியமாயின் வாங்கி உண்மையிலே மௌனம். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ வருமாயின் அஃது உயிருடன் உள்ளது.

மூன்றாவது வழி காதாற் கேட்டல். தரவு முனையிலிருந்து 100 கிலோஓம் தடையி ஒன்றையும் 0.1 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றையும் தொடராக வைத்து, பற்றரியில் இயங்கும் ஒலிபெருக்கியொன்றின் உட்புகு முனைக்குக் கொடுத்துப் புவி முனைகள் இரண்டையும் இணைத்தால், மழை பொழிவது போன்ற இரைச்சல் கேட்கும். அருகில் நின்று றிமோட் பொத்தானை அழுத்த, அவ்விரைச்சல் அடங்கி வண்டின் முரற்சி போன்ற ஒழுங்கான ஒலி எழும். அவ்வொலி கேட்குமாயின் ஏரியல் முதல் தரவு முனைவரை யாவும் செம்மையாயுள்ளன என்று துணியலாம். ஒரே சோதனையிற் பாதிச் சந்தேகங்கள் நீங்கிவிடுகின்றன.

விலை சற்று உயர்ந்த சுப்பர்ஹெற்றரடைன் வாங்கிகளுஞ் சிலவுள. அவற்றுட் சிலவற்றில் இரைச்சலை அடக்கும் அமைப்பு உண்டு. அவை செய்தியில்லாதபோது அமைதியாயிருத்தல் இயல்பே.

மின் வழங்கலும் முனைகளும்

வாங்கி உண்மையிலே மௌனமென்று கண்டால், முதலில் நோக்கவேண்டியது மின் வழங்கல். இவ்வகை வாங்கிகளிற் பெரும்பாலானவை 5 வோல்ற்று வேண்டுவன, 3.3 வோல்ற்று முனையில் இணைத்தாற் பல செயற்படா. பல்மானியால் அளக்கும்போது பலகையின் வழங்கல் முனையில் அளந்து அமைதிகொள்ளாது, வாங்கியின் கால்களிலேயே அளத்தல் வேண்டும். கம்பிகளைச் சொருகிச் சுற்றமைக்கும் துளைப்பலகையில் தொடுகை தளர்ந்திருத்தல் பெரும்பாலும் காணப்படுவதொன்று. நீளமான துளைப்பலகைகள் சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவே துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியிற் கொடுத்த மின் மறுபாதிக்குச் செல்லாது.

வாங்கியின் நான்கு கால்களில் நடுவிலுள்ள இரண்டும் தரவுக் கால்களே; அவை உள்ளே ஒன்றாக இணைந்தவை. அவற்றுள் ஒன்றைப் புவி முனையென்று மயங்குவோருமுளர். செலுத்தி தனிப் பற்றரியில் இயங்குமாயின் அதன் புவி முனையும் அதற்குத் தரவு கொடுக்கும் பலகையின் புவி முனையும் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

3.3 வோல்ற்றில் இயங்கும் நுண்கட்டுப்படுத்திகளைக் கையாள்வோர் மற்றொன்றையும் கருதுக. 5 வோல்ற்று வாங்கியின் தரவை அவற்றுக்கு நேரே கொடுத்தல் கேடு விளைக்கும். 10 கிலோஓம், 20 கிலோஓம் தடையிகள் இரண்டினாற் பகுத்தால் 5 வோல்ற்று 3.3 வோல்ற்றாகக் குறையும்.

சங்கிலியை நடுவே பகுத்தல்

வாங்கி இரைகின்றது, எனினும் செய்தி வரவில்லை. இனிச் செய்யத்தக்கது யாது? செலுத்தும் செய்நிரல், செலுத்தி, வானவெளி, வாங்கி, வாங்கும் செய்நிரல் என ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலியாக இதனைக் கருதுக. இடையிலுள்ள மூன்று கண்ணிகளையும் ஒரே முறையில் நீக்கிவிடலாம். செலுத்தியையும் வாங்கியையும் கழற்றிவைத்து, அனுப்பும் பலகையின் தரவு முனையிலிருந்து வாங்கும் பலகையின் தரவு முனைக்கு ஒரு கம்பியை நேரே கொடுத்து, இரு பலகைகளின் புவி முனைகளையும் இணைக்க. இரண்டும் ஒரே வோல்ற்றளவில் இயங்குவனவாதல் வேண்டும்.

கம்பி வழியாகச் செய்தி வந்து திரையில் தோன்றுமாயின் செய்நிரல்கள் இரண்டும் குற்றமற்றவை. பழுது வானொலிப் பகுதியிலேயே உள்ளது. கம்பியிலும் வாராதாயின், ஏரியலை நீட்டியும் குறுக்கியும் ஆகும் பயன் யாதுமில்லை. பழுது செய்நிரலில் உள்ளது. ஐந்து நிமிடத்திற் செய்யத்தக்க இச் சோதனையைச் செய்யாது ஐந்து நாட்களை வீணாக்குவோர் பலர்.

இஃது இக்காலத்தார் கண்ட புதுமையன்று. வால்வு வானொலிப் பெட்டிகளைத் திருத்தியோர் கையாண்ட முறையும் இதுவே. அவர் ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கி ஏரியலை நோக்கிப் பின்னோக்கிச் செல்வர். ஒவ்வொரு படியிலும் சோதனை ஒலியைப் புகுத்திப் பார்ப்பர். எப்படியிற் புகுத்தியபோது ஒலி எழவில்லையோ, அப்படிக்கும் அதற்கு முன் சோதித்த படிக்கும் இடையிலே பழுதுள்ளதென்று துணிவர். அப்பெட்டிகளைக் கண்டு வளர்ந்த எம் பழைய மாணவர்க்கு இது நினைவிலிருக்கும். வால்வு மறைந்து நுண்கட்டுப்படுத்தி வந்தபோதும் பழுது காணும் அறிவு மாறவில்லை.

செய்நிரலின் குற்றங்கள்

கம்பிச் சோதனையிலும் செய்தி வாராதபோது ஆராயவேண்டியன சில. ஆர்.சி. சுவிட்ச் என்னும் செய்நிரல் நூலகம் பெரிதும் வழங்குவது. அது முனையின் எண்ணைக் கேட்பதில்லை; இடையீட்டின் எண்ணைக் கேட்கின்றது. அத்மெகா 328 நுண்கட்டுப்படுத்தியைக் கொண்ட ஊனோ பலகையில் 2 ஆம் முனைக்குரிய இடையீடு 0. 3 ஆம் முனைக்குரியது 1. 2 ஆம் முனையிற் கம்பியைப் பொருத்திச் செய்நிரலிலும் 2 என்றே எழுதுவோர்க்கு வாங்கி வாய் திறவாது. இவ்வொரு குற்றமே வாங்கிகள் பலவற்றுக்குப் பழுதென்னும் பழியைத் தேடித் தந்துள்ளது. வேறு முனைகளிற் பொருத்தினும் அப் பலகையில் இந் நூலகத்தால் வாங்குதல் இயலாது.

றேடியோ ஹெட் என்னும் மற்றொரு நூலகத்தின் வழி வேறு. வேறு கட்டளை இல்லாவிடின் அது 11 ஆம் முனையில் வாங்கி 12 ஆம் முனையிற் செலுத்தும். ஊனோ பலகையில் அது முதலாம் நேரமானியைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். சேர்வோ மோட்டரை இயக்கும் வழக்கமான நூலகமும் அதே நேரமானியை வேண்டுவதாகலின் இரண்டும் ஒருங்கே வாழமாட்டா.

அனுப்புவோரும் வாங்குவோரும் ஒரே நூலகத்தையும் ஒரே வேகத்தையும் கைக்கொள்ளல் வேண்டும். நூலகம் யாதுமின்றித் தொடர் முனையின் எழுத்துகளைச் செலுத்திக்கு நேரே ஊட்டுவோர் குப்பையையே பெறுவர். வாங்கி தன் விரியலாக்கத்தைச் செய்தியின் வலிமைக்கேற்பச் சீர்செய்துகொள்ளச் சிறிது நேரம் வேண்டும். அதன்பொருட்டே றேடியோ ஹெட் ஒவ்வொரு செய்திக்கும் முன்னதாக ஒன்றும் சுழியமும் மாறிமாறி வரும் 36 இருமவிலக்கங்களை அனுப்புகின்றது. மேடைப் பேச்சாளர் பேசத் தொடங்குமுன் தொண்டையைக் கனைத்து அவையின் கவனத்தை ஈர்த்தல் போல்வது அது.

திரையின் வேகமும் நோக்கத்தக்கது. செய்நிரலில் 9600 என்றும் திரையில் 115200 என்றும் இருப்பின், வந்த செய்தியும் வாசிக்கத்தகாததாகும்.

வானவெளியின் குற்றங்கள்

கம்பியிற் செய்தி வந்தும் வானவெளியில் வாராதாயின் நான்கு காரணங்களை வரிசையாக நோக்குக.

முதலாவது ஏரியல். பல வாங்கிகள் ஏரியலின்றியே விற்கப்படுகின்றன. வேண்டிய நீளத்தை மாணவர் தாமே கணித்துக்கொள்ளலாம். மீற்றரில் அலைநீளம் பெற, 300 ஐ மெகாஹேட்ஸில் அமைந்த மீடிறனால் வகுக்க. 433.92 ஆல் வகுக்க 0.691 மீற்றர் வரும். அதன் காற்பங்கு 17.3 சென்ரிமீற்றர். இந் நீளமுள்ள காவலிட்ட செப்புக் கம்பியை ஏரியற் துளையிற் பற்றாசு வைத்துப் பொருத்தி நேரே நிமிர்த்திவிடுதல் போதும். செலுத்திக்கும் அவ்வாறே செய்க. இரண்டு கம்பிகளும் ஒரே திசையை நோக்கி நிற்றல் நன்று.

இரண்டாவது மீடிறன். 315 மெகாஹேட்ஸிலும் இதே தோற்றமுள்ள பலகைகள் விற்கப்படுகின்றன. செலுத்தியிலுள்ள உருண்டையான உலோக மூடியின் மேல் 433 அல்லது 315 என்னும் எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கியிலுள்ள செப்புச் சுருளின் நடுவே திருகத்தக்க ஒரு தண்டு சிலவற்றில் உண்டு. அதனைத் திருகி இசைவு மாற்றலாம். ஆயின் அஃது ஈற்றிற் செய்யவேண்டியது. பிற யாவும் சோதித்தபின், உலோகமல்லாத திருப்புளியால், காற்சுற்றுக்கு மேற்படாமல், தொடக்க நிலையைக் குறித்துவைத்துத் திருகுக. முதலிலேயே திருகுவோர் ஒரு பழுதை இரண்டாக்குவர்.

மூன்றாவது தூரம். அண்மையிலிருந்தால் நன்கு கேட்குமென்று எண்ணிச் செலுத்தியையும் வாங்கியையும் ஒரே மேசையில் ஒட்டவைப்போருண்டு. மிக அண்மையில் வாங்கி திக்குமுக்காடிப்போகும். காதினுள்ளே கூவினாற் சொல் விளங்காமை போல. ஒன்றிரண்டு மீற்றர் தள்ளிவைத்துச் சோதிக்க.

நான்காவது புற இரைச்சல். தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு வழங்கிகளும் கணினியும் தரும் மின்னில் நுண்ணிய அதிர்வுகள் கலந்திருத்தல் உண்டு. வாங்கியின் கால்களுக்கு மிக அருகே 0.1 மைக்கிரோபரட்டும் 10 மைக்கிரோபரட்டும் ஆகிய இரண்டு கொள்ளளவிகளை இணைத்துப் பார்க்க. பற்றரியால் இயக்கும்போது செய்தி வந்து, வழங்கியால் இயக்கும்போது நிற்குமாயின் காரணம் வெளிப்படை.

கேட்டும் விளங்காமை

இத்தனையும் செம்மையாயிருந்தும் ஒரு றிமோட்டின் செய்தி மட்டும் திரையில் வாராதிருத்தல் உண்டு. அங்கே பழுது யாதுமில்லை. மொழி வேறுபாடே உள்ளது. எளிய றிமோட்டுகள் அழுத்துந்தோறும் ஒரே எண்ணை அனுப்புவன. ஆர்.சி. சுவிட்ச் நூலகத்தின் முதலாம் நெறிமுறையில் 350 மைக்கிரோவினாடி ஓர் அலகு. ஓரலகு ஒலித்து மூன்றலகு ஓய்ந்தாற் சுழியம், மூன்றலகு ஒலித்து ஓரலகு ஓய்ந்தால் ஒன்று. இவற்றை அந் நூலகம் எளிதில் வாசிக்கும். மோட்டர் வண்டிகளினதும் புதிய வாயிற் கதவுகளினதும் றிமோட்டுகளோ களவைத் தடுத்தற்பொருட்டு அழுத்துந்தோறும் எண்ணை மாற்றி மறைத்தனுப்புவன. அவற்றை வாசிக்க முயலுதல் வேண்டாத வேலை. பயிற்சிக்கு எளிய றிமோட் ஒன்றே தக்கது. செலுத்திகளை இயக்குவோர் நாட்டின் மீடிறன் விதிகளையும் மதித்தல் வேண்டும். இலங்கையில் அவற்றுக்குப் பொறுப்பாயிருப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாதெனின், வாய் திறவாத வாங்கி நம்மிடம் வினாக்களை வேண்டி நிற்கின்றது என்பதே. மின் வந்ததா? வாங்கி இரைகின்றதா? கம்பியிற் செய்தி செல்கின்றதா? வானவெளியிற் செல்கின்றதா? இருவரும் ஒரே மொழி பேசுகின்றனரா? இவ்வைந்து வினாக்களையும் இவ்வரிசையிலே வினவி, ஒவ்வொன்றுக்கும் விடை கண்டபின்னரே அடுத்ததற்குச் செல்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக; மாற்றியதையும் கண்டதையும் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டை ஒருங்கே மாற்றியபின் கருவி இயங்கினாலும், எதனால் இயங்கியது என்பது தெரியாமற் போம். தெரியாத வெற்றி மறுமுறை துணை செய்யாது.

விஞ்ஞான ஆசிரியர்கட்கும் ஒரு வேண்டுகோள். இயங்கும் கருவியைக் காட்டி விளக்குதலோடு அமையாது, வேண்டுமென்றே ஒரு குற்றத்தை உட்புகுத்திய கருவியை மாணவர் முன் வைத்து அதனைக் காணச் செய்க. ஒரு பல்மானியும் இரண்டு பலகைகளும் சிறிது கம்பியும் இதற்குப் போதும். நற்றாய்க்குப் பணி செய்ய விழையும் பழைய மாணவர் இவற்றை ஆய்வுகூடத்துக்கு அளிப்பின், அச் சிறு கொடை பெரும் பயன் தரும்.

பழுதைக் கண்டு பிடித்த மாணவன் தன் அறிவின்மேல் நம்பிக்கை கொள்கின்றான். அந் நம்பிக்கை வானொலியோடு நில்லாது. வாழ்க்கையிற் காரணம் புலப்படாது நிற்கும் இடர்களையும் அமைதியோடு பகுத்து நோக்க அவனைப் பழக்கும். கல்லூரி தன் மைந்தர்க்கு அளிக்கத்தக்க செல்வங்களுள் அதுவும் ஒன்றென்பது எம் துணிபு.